மன்னார்குடி ஆதாருக்கு அறை கிடையாதா?

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த 26 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். சென்னையில் வேலை. விடுமுறை கிடைத்தால் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுபவர். கோகர்ணம், வர்கலா, புதுச்சேரி என்று கடலோர ஊர்களில் அடுக்குக் கட்டில் போட்ட பயணியர் ஹாஸ்டல்களில் தங்கியிருக்கிறார். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில், ஒரு பூட்டு, காலையில் ஒரு தேநீர். எங்கும் ஒரு வம்பும் வந்ததில்லை என்கிறார்.

கடந்த ஜனவரியில், ஊரெல்லாம் சுற்றிய நாம் சொந்தக் கடலோரத்தைப் பார்க்கவில்லையே என்று பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை பஸ்ஸிலும் நடையிலுமாகப் போகக் கிளம்பினார். வழியில் அந்த மாதிரி ஹாஸ்டல் எதுவும் அகப்படாததால் ஒரு கடலோர ஊரில் லாட்ஜ் ஒன்றைச் செயலி வழியே பதிவுசெய்து 1,100 ரூபாய் கட்டினார். இரவு எட்டு மணிக்குப் போய் நின்றபோது, ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஊழியர், “உள்ளூர் முகவரிக்கு அறை தருவதில்லை. அதிலும் தனியாக வரும் பெண்ணுக்கு இல்லவே இல்லை” என்றாராம். வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே வந்த ஒரு வெளிநாட்டு இளம் ஜோடிக்குச் சாவி போயிற்று. இவர் வாசலைத் தாண்டுவதற்குள் கைப்பேசி ஒலித்தது. பேசியவர் இவருடைய தாய்மாமா. ஆதாரில் ஊர்ப் பெயரைப் பார்த்த ஊழியர், அந்த ஊரில் தனக்குத் தெரிந்தவரைக் கூப்பிட்டு, அவர் மாமாவைக் கூப்பிட்டு, செய்தி பத்து நிமிடத்தில் அப்பா வரைக்கும் போய்விட்டது. அன்றிரவு வேளாங்கண்ணிக்கு பஸ் பிடித்து, யாத்ரீகர்கள் தங்கும் கூடம் ஒன்றில் படுத்து, மறுநாள் கோடியக்கரையைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டார். பணமும் இன்னும் வரவில்லை.

வரும் பிப்ரவரியில் மறுபடி போகப்போகிறார். இந்தமுறை கல்லூரி நண்பர் ஒருவரும் சேர்ந்துகொள்வார். கோடியக்கரைக் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்க எண்ணம். “போனால் பெண்ணைக் காணவில்லை என்று போலீஸில் எழுதிக்கொடுப்பேன்” என்று அப்பா சொல்லிவிட்டார். லாட்ஜ் மீது கிரிமினல் வழக்குப் போடலாமா, அப்பா அப்படிப் புகார் கொடுத்தால் பொய்ப் புகார் என்று எதிர்வழக்குப் போடலாமா, 18 வயது தாண்டியவரிடம் யாராவது எதையாவது கேட்க உரிமை உண்டா என்பவை இவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பாக, அம்மாவைப் பற்றி ஒரு சிறு கேள்வியும் இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு 1996 நினைவுக்கு வந்தது. வழக்கறிஞராகப் பதிவுசெய்து இரண்டு வருடம். வேதாரண்யத்தில் ஒரு வழக்கு இழுத்துக்கொண்டு போய்க் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். லாட்ஜில் தனிப் பெண்ணுக்கு அறை இல்லை என்றார்கள். பையிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்துக் காட்டினேன். அந்த மனிதர் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கோட்டு சரி, கூட யார்?” என்று கேட்டார். குமாஸ்தா வீட்டுக் கூடத்தில் நெல் மூட்டைகளுக்கு நடுவே படுத்து எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வழக்குகளில் லாட்ஜ் பதிவேடுகள் சான்றாவணமாக என் கைக்கு வந்திருக்கின்றன. பெயர், ஊர், வந்த காரியம், உடன் வந்தவர், அவருடன் உறவு. அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருக்கும் ஒரு பெண்ணின் பெயரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோபத்தில் நீங்கள் சட்டத்தைச் சில இடங்களில் இருப்பதைவிடப் பெரிதாகவும், சில இடங்களில் சிறிதாகவும் எண்ணியிருக்கிறீர்கள்.

அறை மறுத்தது

“உள்ளூர் முகவரிக்கு அறை இல்லை” என்று சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. போலீஸ் உத்தரவு என்பார்கள். உத்தரவைக் காட்டுங்கள் என்றால் காட்ட மாட்டார்கள். ஓடிவந்த ஜோடிகள், சொந்தக்காரர்கள் தகராறு, தனியாக வந்தவர் அறைக்குள் ஏதாவது செய்துகொண்டால் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்ற பயம் ஆகியவற்றிலிருந்து முளைத்த வழக்கம் அது. பயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். லாட்ஜ் மேலாளர்கள் சிலர் சாட்சிக் கூண்டில் நடுங்கி நின்றதைப் பார்த்தவள் நான். ஆனால் பயம் சட்டம் ஆகாது. அதிலும் உள்ளூர் என்றால் எது? 1991 வரை நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம். இன்றைக்கு மன்னார்குடி இருப்பது திருவாரூர் மாவட்டத்தில். அந்த ஊழியர் எந்தக் காலத்து வரைபடத்தை வைத்துக்கொண்டு உங்களை உள்ளூர் ஆக்கினாரோ தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டவர் தங்கினால் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு லாட்ஜுக்கு உண்டு. அந்த வேலை வைக்கும் விருந்தாளிக்குச் சாவி. எந்த வேலையும் வைக்காத உங்களுக்கு வாசல்.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு பலருக்கும் தெரியாத ஒன்று. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பதை மட்டுமே காரணமாக வைத்து எந்தக் குடிமகனுக்கும் கடைகள், உணவகங்கள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றுக்குள் நுழையத் தடை போடக் கூடாது என்கிறது அது. ஓட்டல் என்ற சொல்லே அங்கே இருக்கிறது. அரசு மட்டுமல்ல, தனியாரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள். எனவே “பெண் என்பதால் இல்லை” என்று சொன்னது தவறு. “உள்ளூர் என்பதால் இல்லை” என்பதை இதே பிரிவுக்குள் கொண்டுவருவது கடினம். முகவரி வேறு, பிறந்த இடம் வேறு என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிரித்துவிடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் பிரிப்பேன்.

இங்கேதான் உங்கள் முதல் தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். 18 வயது ஆகிவிட்டது, அதனால் கேட்ட லாட்ஜ் அறை தந்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி இல்லை. அடையாளச் சான்று கேட்பதற்கும் பதிவேட்டில் எழுதுவதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. குடித்துவிட்டு வந்தவரையும் சான்று காட்ட மறுப்பவரையும் திருப்பி அனுப்பலாம். உங்கள் வழக்கின் பலம் வயதில் இல்லை. நீங்கள் கட்டிய 1,100 ரூபாயில் இருக்கிறது. பணம் வாங்கி முன்பதிவை உறுதிசெய்துவிட்டு அறை மறுப்பது சேவைக் குறைபாடு. முன்பதிவு இல்லாமல் நேரில் போய்க் கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் இத்தனை எளிதில்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். லாட்ஜ் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை (இதைச் சொல்வதால் என் நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள்). இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகாரைப் பதிவுசெய்யுங்கள். பல சமயம் பணம் அங்கேயே திரும்பிவிடுகிறது. ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். நீங்கள் பதிவுசெய்த பக்கத்தின் அடியில் “உள்ளூர் அடையாளச் சான்று ஏற்கப்படாது” என்று சிறு எழுத்தில் போட்டிருந்தார்களா? போட்டிருந்தால் உங்கள் வழக்கு அந்த அளவுக்கு மெலியும். பெண் என்பதற்காக மறுத்ததும், பணத்தைத் திருப்பித் தராததும் அப்போதும் நிற்கும்.

மாமாவுக்குப் போன செய்தி

அறை மறுத்ததைவிட இதுதான் பெரிய தவறு என்பது என் கருத்து. நீங்களோ கடிதத்தில் இதை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். நம் பக்கத்தில் இது தவறாகவே யாருக்கும் தோன்றுவதில்லை அல்லவா? “நல்லதுக்குத்தானே சொன்னேன்” என்பார் அந்த ஊழியர். உங்கள் அப்பாவும் அவருக்கு நன்றிதான் சொல்லியிருப்பார்.

நீங்கள் கேட்கும் கிரிமினல் வழக்கு இதற்குப் பொருந்தாது. அவர் உங்களை மிரட்டவில்லை, பின்தொடரவில்லை, படம் எடுக்கவில்லை. ஆனால் அதே நுகர்வோர் சட்டத்தில், வாடிக்கையாளர் நம்பிக்கையுடன் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் இன்னொருவருக்கு வெளியிடுவது முறையற்ற வணிக நடவடிக்கை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. உங்கள் மனுவில் முதல் குறையாக இதை வையுங்கள். பணம் இரண்டாவதாக வரட்டும். அன்றிரவு மாமாவிடமிருந்து அழைப்பு வந்த நேரத்தைக் கைப்பேசியிலிருந்து எடுத்து வையுங்கள். லாட்ஜ் வாசலில் நீங்கள் நின்ற நேரத்துக்கும் அதற்கும் பத்து நிமிட இடைவெளி என்பதே பாதி சாட்சி. மீதிப் பாதி மாமா. அவர் சொல்வாரா என்பது உங்கள் குடும்ப விஷயம்.

இனி மறைத்த ஆதாரைக் கொடுத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மட்டுமே மறையும். முகவரி அப்படியே தெரியும். எண்ணைக் காப்பாற்ற அது நல்லதுதான், மாமாவிடமிருந்து காப்பாற்றாது. ஓட்டுநர் உரிமத்திலும் முகவரி உண்டு. பான் அட்டையில் முகவரி இல்லை; அதனாலேயே லாட்ஜ்களில் அதை ஏற்கமாட்டார்கள். அட்டையின் மூலத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகல் கொடுத்தால் அதன் குறுக்கே தேதியையும் “தங்குவதற்கு மட்டும்” என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

கூட வரும் நண்பர்

திருமணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவது குற்றமில்லை. 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோயம்புத்தூர் விடுதி ஒன்றின் வழக்கில் இதை நேரடியாகவே சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு ஜோடி தங்கியிருந்ததும் ஒரு காரணமாக மூடி முத்திரை வைக்கப்பட்ட விடுதியைத் திறந்துவிடச் சொன்னது. பயணியர் ஹாஸ்டல்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படுக்கும் பொது அறைகள் இருப்பதிலும் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் தீர்ப்பு வந்துவிட்டது என்பதால் இரவு ஒன்பது மணிக்கு ஒரு சிற்றூர் லாட்ஜில் அதைப் படித்துக் காட்டி அறை வாங்கிவிட முடியாது. இரண்டு அறையாகப் போடுங்கள், போகும் முன் தொலைபேசியில் கேட்டுவிட்டு, பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை நான் ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, தூக்கத்துக்காகச் சொல்கிறேன்.

நண்பரிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். தரங்கம்பாடியிலிருந்து நாகூர் போகும் வழியில் காரைக்கால் குறுக்கிடும். அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அங்கே மலிவாக வாங்கிய பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியைக் கடந்தால் அது மதுவிலக்குச் சட்ட வழக்கு. பை யாருடையது என்ற கேள்வியில் இரண்டு பேரும் மாட்டுவீர்கள்.

கோடியக்கரையில் கூடாரம்

வேண்டாம். கடற்கரை பொதுச் சொத்து என்பது பகல் நேரத்து உண்மை. கோடியக்கரையில் காடும் கரையும் 1967 முதல் வனவிலங்கு சரணாலயம்; வெளிமானுக்கும் பூநாரைக்குமான இடம். அனுமதியின்றி உள்ளே நுழைவதும் இரவு தங்குவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதோடு இலங்கைக்கு நெருக்கமான கரைகளில் ஒன்று அது. இரவில் கடலோரக் காவல் குழுமம் ரோந்து வரும். மணலில் விளக்கு எரிந்தால் விசாரிப்பார்கள். அது அவர்கள் வேலை, அவமதிப்பு அல்ல. வனத்துறையின் ஓய்வில்லம் அங்கே இருக்கிறது, முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் வேதாரண்யத்தில் தங்கிக் காலை முதல் பஸ்ஸில் போய்வரலாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் வனத்துறை அனுமதியோடுதான் படகு. யாராவது மீன்பிடிப் படகில் கூட்டிப்போகிறேன் என்றால் ஏறாதீர்கள். பயணிகளை ஏற்ற அதற்கு உரிமமும் கிடையாது, விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு வழியும் கிடையாது.

கரையை ஒட்டியே நடந்து போகும் உங்கள் திட்டத்தையும் மறுபடி பாருங்கள். வரைபடத்தில் ஒரே மணல் கோடாகத் தெரியும். நடந்தால் காரைக்காலில் அரசலாறு, நாகூரில் வெட்டாறு, வேளாங்கண்ணிக்குத் தெற்கே வெள்ளையாறு என்று முகத்துவாரம் முகத்துவாரமாகக் குறுக்கே வரும். காவிரி கடலில் ஒரே இடத்திலா விழுகிறது! முழங்கால் அளவுதான் என்று இறங்கினால் நடுவில் ஆள் உயரப் பள்ளம் இருக்கும், நீர் இழுக்கும். ஒவ்வொரு ஆற்றுக்கும் சாலைக்கு வந்து, பாலத்தில் கடந்து, திரும்பக் கரைக்குப் போங்கள். நேரம் இரண்டு மடங்கு ஆகும். ஆகட்டும்.

அப்பா

அப்பா புகார் கொடுத்தால் போலீஸார் “பெண் காணவில்லை” என்று வழக்குப் பதிவுசெய்து தேடத்தான் செய்வார்கள். அழைப்பு வந்தால் அணைத்து வைக்காதீர்கள். எடுத்துப் பேசி, நான் மேஜர், என் விருப்பத்தில் பயணம் செய்கிறேன் என்று சொல்லுங்கள். அருகிலுள்ள காவல் நிலையத்தில் பகலில் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுங்கள். உங்களை உங்கள் விருப்பத்துக்கு மாறாக யாரிடமும் ஒப்படைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. வழியில் வேறு தொல்லை வந்தால் 112, பெண்கள் உதவிக்கு 181.

எதிர்வழக்கைப் பொறுத்தவரை: பொய்த் தகவல் கொடுப்பது குற்றம்தான், பிரிவும் இருக்கிறது. ஆனால் தெரிந்தே பொய் சொன்னார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். பயந்துபோன தகப்பன் என்று நீதிமன்றம் பார்க்கும், சரியாகவே பார்க்கும். வழக்குக்குப் பதில் அவருக்கு ஒரு தாள் கொடுங்கள். எந்த நாள் எந்த ஊர், எந்த லாட்ஜ், அதன் தொலைபேசி, தினமும் எத்தனை மணிக்குப் பேசுவீர்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். அவர் அதற்குப் பிறகும் ஸ்டேஷனுக்குப் போனால், காணாமல் போகவில்லை என்பதற்கு அந்தத் தாளே உங்கள் சாட்சி. போகாமலே இருப்பதற்கும் அது காரணமாகலாம்.

நம் பக்கத்தில் வழிப்போக்கரைத் தங்கவைக்கும் பழக்கம் கிடையாது, அதெல்லாம் கோவா கலாசாரம் என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் அவரிடம் நானே பேச ஆசைப்படுகிறேன். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது, அவர் பார்த்திருப்பார். இராமேசுவரம் போகும் பாதை நெடுகத் தஞ்சை மராட்டிய அரசர்கள் அப்படிச் சத்திரங்களை நடத்தினார்கள். 1801ல் சரபோஜி மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா, வாருங்கள் என்று அறிவித்துச் சோறு போடுவார்கள் என்று விவரிக்கிறார். வழியில் நோய் கண்டவருக்கு மருந்தும் பத்தியச் சோறும் தந்து குணமாகும் வரை வைத்துக்கொண்டார்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புக்காக நடந்தபோது, நடப்பவர்களுக்கு இடமும் சோறும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் மிரட்டினார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று மரத்தையா கேட்க முடியும்? இன்றைக்கு அப்படி எந்தத் தடையும் இல்லாதபோது, அதே வேதாரண்யம் சாலையில் இடமில்லை என்கிறோம்.

அம்மா

பின்குறிப்பில், “அம்மாவும் வருகிறேன் என்று அடுப்படியில் மெதுவாகச் சொன்னார், கோடியக்கரையை அவரும் பார்த்ததில்லையாம். ஹாஸ்டல்களில் 54 வயதுக்காரரைச் சேர்ப்பார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பயணியர் ஹாஸ்டல்கள் சில தாமாக வயது வரம்பு வைத்திருக்கின்றன. அது சட்டம் அல்ல, அந்தந்த இடத்தின் விதி. பதிவுசெய்யும் முன் படித்துவிடுங்கள். அம்மாவோடு போனால் வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் யாத்ரீகர் விடுதிகளில் கேள்வியே வராது. பயணம் பிப்ரவரியிலிருந்து தள்ளிப்போனால், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தரங்கம்பாடியில் தங்க இடம் உண்டா என்று அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடமும் கேட்டுப் பார்க்கலாம். புதுச்சேரியில் ஹாஸ்டலில் தொடங்குவதாக இருந்தால் பெண்கள் மட்டும் தங்கும் அறையாகப் பாருங்கள், பையைப் பூட்டச் சொந்தப் பூட்டு கொண்டுபோங்கள். அம்மாவுக்குக் கீழ்க் கட்டில் வேண்டும் என்று பதிவுசெய்யும்போதே எழுதிவிடுங்கள். போய்க் கேட்டால் கிடைக்காது.